வால்வு செட்டுக்கு எமன் கண்டன்சர்

1956-ல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ நாமக்கல் பக்கத்து டூரிங் டாக்கீஸ்களில் ஓடியபோது, திரைக்குப் பின்னாலிருந்து வந்தது வால்வு ஆம்ப்ளிஃபயரின் சத்தம். கல்யாண வீட்டு மைக் செட்டும் அன்றைக்கு வால்வுதான். பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் 1961-ல் ரேடியோ வால்வுகளைத் தயாரிக்கத் தொடங்கியது. அவற்றை இன்றும் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

கைக்கு வந்ததும் செட்டில் சொருகி ஸ்விட்சைப் போட்டுவிடக் கூடாது. கண்ணாடியின் உட்புறம் வெள்ளியாக மினுங்குவது பேரியம். உள்ளே மிச்சமிருக்கும் வாயுவை அது இழுத்துக்கொள்ளும். அந்தப் பூச்சு பால்போல் வெளுத்திருந்தால் காற்று புகுந்துவிட்டது, தூக்கிப்போட வேண்டியதுதான். நல்ல வால்வாக இருந்தால், ஹீட்டரை மட்டும் 6.3 வோல்ட்டில் சில மணி நேரம் எரியவிட்டுப் பழக்குகிறவர்கள் உண்டு. சின்ன வால்வுகளுக்கு இது கட்டாயமில்லை என்பது என் கட்சி.

எமன் இருப்பது வால்வுக்கு வெளியே. முன் வால்வின் பிளேட்டுக்கும் அடுத்த வால்வின் கிரிடுக்கும் நடுவே இருக்கும் பழைய பேப்பர் கண்டன்சர் லீக்கானால், நெகடிவாக இருக்க வேண்டிய கிரிடில் பாசிடிவ் ஏறும். கரண்ட் எகிறி, பிளேட் தணலாகச் சிவக்கும். அதனால் முதலில் மாற்ற வேண்டியது கண்டன்சர்களை. ஸ்விட்சை அணைத்த பிறகும் ஃபில்டர் கண்டன்சரில் 300 வோல்ட் தங்கியிருக்கலாம். ரெசிஸ்டர் வைத்து இறக்கி, மீட்டரில் பார்த்த பிறகே உள்ளே கை வைக்கலாம்.

ஸ்பீக்கரை மாட்டாமல் ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரே போய்விடும். முதல் முறை 60 வாட் குண்டு பல்பை சீரிஸில் போடுங்கள். பல்ப் பிரகாசமாகவே எரிந்தால் எங்கோ ஷார்ட். மங்கினால் பல்பை எடுத்துவிட்டு அளக்கலாம். ஈஎல்84 வால்வின் 135 ஓம் கேத்தோடு ரெசிஸ்டரில் 7.2 வோல்ட் காட்டினால் சுமார் 53 மில்லி ஆம்பியர் ஓடுகிறது. அதில் பிளேட்டின் பங்கு 48. பிளேட்டில் 250 வோல்ட் என்றால் 12 வாட். அந்த வால்வின் உச்சவரம்பே அதுதான்.

மிச்சம் லைன் வோல்டேஜ். திருச்செங்கோடு, பள்ளிபாளையம் பக்கம் தறியும் பம்ப்செட்டும் ஓடும்போது வோல்டேஜ் தாழும். அவை நின்றால் ஏறும். 220 வோல்ட்டுக்குச் சுற்றிய பழைய டிரான்ஸ்ஃபார்மருக்கு 245 வந்தால், ஹீட்டருக்கு 7 வோல்ட் போகும். அனுமதித்த 10 சதவீதத்துக்கு அது மேலே. டிரான்ஸ்ஃபார்மரில் 240 என்று குறித்த முனை இருந்தால் ஒயரை அதற்கு மாற்றலாம். இல்லையென்றால் ஸ்டெபிலைசர் வாங்குங்கள், நல்ல வால்வு ஜோடியின் விலையை விசாரித்த பிறகு.