வெட்டவெளியில் ஒற்றைப் பனை

எளாவூர் ரயில் நிலையத்தில் நில்லாமல் பறந்து செல்லும் ஹௌரா மெயிலை நம்மூர்ப் பிள்ளைகள் அறிவார்கள். அந்தத் தண்டவாளத்தின் வழியே வடக்கே சென்று, ஹௌராவையும் கடந்து இன்னும் சுமார் தொண்ணூறு மைல் போனால் போல்பூர் வரும். அங்கே இறங்கும் தமிழரின் கண்ணில் முதலில் படுவது பனைமரம். பழவேற்காட்டு ஏரியை அடுத்த ஊர்களில் நாம் பார்த்துப் பழகிய அதே பனைதான். அதைச் சுற்றியுள்ள பூமிதான் வேறு. மழைநீர் அரித்து அரித்து மேடும் மடுவுமாகிப்போன அந்தச் செம்மண் வெளிக்கு வங்காளிகள் 'கோவாய்' என்று பெயரிட்டிருக்கிறார்கள். உழவனுக்கு அதனால் காசளவு பயனும் இல்லை. ஆனால், ஒரு சித்திரக்காரருக்கு அது ஆயுள் முழுவதும் எடுத்தாலும் குறையாத செல்வமாயிற்று.

அவர் பெயர் வினோத விஹாரி முகர்ஜி. 1904-ல் பிறந்தவர். பிறவியிலேயே ஒரு கண்ணில் பார்வை இல்லை. மற்றொன்றிலும் கிட்டத்தில் உள்ளது மட்டுமே தெரியும். சாதாரணப் பள்ளிக்கூடங்கள் அவருக்கு ஒத்துவரவில்லை. கரும்பலகை தெரியாத பையனை முன் பலகையில் உட்காரவைத்துவிட்டு அத்தோடு மறந்துவிடுவது உபாத்தியாயர்களாகிய எங்கள் குலத்தின் வழக்கம்; அது இன்றும் அடியோடு மறைந்துவிடவில்லை. 1917-ல் அவர் சாந்திநிகேதனம் சேர்ந்தார். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் கலாபவனத்தில் புகுந்தபோது, இத்தகைய கண்களுடன் சித்திரம் பயில இயலுமா என்று ஆசான் நந்தலால் போஸுக்கே ஐயம் உண்டாயிற்று. பையனுக்கு அக்கறை இருக்கிறதல்லவா, இருக்கட்டும் என்ற கருத்தில் ரவீந்திரநாத தாகூர் அவரைக் காத்தார்.

விளையாட்டும் கூட்டமும் பிறருக்கு இருந்தன. வினோத விஹாரிக்குக் கோவாய் இருந்தது. தன்னந்தனியே அதில் அலைந்து திரிந்தார். அவருடைய இயற்கைக் காட்சிகளில் ஆரவாரம் கிடையாது. வறண்ட நிலம், சிறிது புதர், தொடுவானம், நடுவில் ஒரு பனை. அந்த ஒற்றைப் பனையில் அவர் தம்மையே கண்டார் என்று எண்ண இடமுண்டு. சோகப் படங்கள் என்று சிலர் கூறுவர். நமக்கு அப்படித் தோன்றவில்லை. தனிமையோடு சமாதானம் செய்துகொண்டவரின் நிதானமே அவற்றில் காண்கிறது.

அவருடைய மகத்தான சிருஷ்டி, 1946-47-ல் ஹிந்தி பவனத்தில் தீட்டிய சுவர்ச் சித்திரம். மூன்று சுவர்களின் மேற்பகுதி முழுவதும் மத்திய காலத்து ஹிந்தி பக்தர்களின் திருக்கூட்டம்: கபீர், துளசிதாஸர், சூர்தாஸர் முதலியோர். இதைச் செய்த முறையை நேயர்கள் சற்று மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். சுண்ணாம்புப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே வர்ணம் இட்டுவிட வேண்டும். காய்ந்தபின் திருத்த வழியில்லை. ஆகவே அன்றன்றைக்கு வேண்டிய அளவு மட்டுமே பூசி, அதை அன்றே முடிக்க வேண்டும். முழு அளவுப் படத்தை எழுதிச் சுவரில் படியெடுக்கும் வழக்கத்தையும் அவர் கைக்கொள்ளவில்லை. சாரத்தின்மேல் சுவரோடு முகத்தை ஒட்டி நின்றவருக்குக் கண்ணெதிரே தெரிந்தது ஒரு சிறு துண்டு. முழுச் சுவரும் இருந்தது உள்ளத்தில்! உதவிக்கு நின்ற மாணவர்களுள் கே.ஜி. சுப்பிரமணியனும் ஒருவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படிக்கையில் சுதந்திரப் போரில் சிறை சென்று, சர்க்கார் கல்லூரிகளின் கதவு அடைபட்டதால் 1944-ல் கலாபவனம் போனவர் அவர். அன்னிய ஆட்சி அடைத்த கதவு இந்தியக் கலைக்கு ஒரு பேராசிரியரைத் தந்தது!

பின்னர் வினோத விஹாரி சிறிது காலம் நேபாளத்தில் பொருட்காட்சிசாலைப் பொறுப்பில் இருந்தார். ஏறத்தாழ ஐம்பத்து மூன்றாம் வயதில், கண்ணில் செய்த சிகிச்சை பலிக்காமல், எஞ்சியிருந்த பார்வையும் போயிற்று. குருட்டுக் கவியென்று பாரதம் போற்றும் சூர்தாஸரைச் சுவரில் எழுதிப் பத்தாண்டுகள் ஆகியிருந்தன.

அதன்பின்னும் அவர் சும்மா இருக்கவில்லை. காகிதத்தை விரலால் தடவி, வெட்டி, ஒட்டி உருவங்கள் செய்தார். மெழுகில் பொம்மைகள் பிடித்தார். கலாபவனத்தில் கலையின் வரலாற்றைக் கற்பித்தார். 1972-ல் கலாபவனத்துச் சுவரில் ஓடுகளாலான பெரிய சித்திரமொன்றையும் அமைத்தார். அவருடைய பழைய மாணவர் சத்யஜித் ராய் அவரைப் பற்றி 'அகக்கண்' எனப் பொருள்படும் பெயரில் படமெடுத்ததும் அவ்வாண்டே. 1980-ல் அவர் காலமானார்.

சாந்திநிகேதனம் செல்லும் யாத்திரிகர்கள் தாகூர் வசித்த இல்லங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு அடுத்த ரயிலைப் பிடிக்கிறார்கள். அனுமதி கிடைத்தால் ஹிந்தி பவனத்துக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். அண்ணாந்து பார்ப்பதில் கழுத்து நோகத்தான் செய்யும்.