கணக்கிடு கருவியும் சூத்திரமும்

கொல்கத்தாவின் கிழக்கே எழுந்துள்ள நியூ டவுனில், மென்பொருள் நிறுவனங்களில் பணியாற்றும் பொருட்டுக் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் உண்டு. அத்தகைய இல்லங்களில் மாலை வேளையில் எழும் வழக்கொன்றை நேயர்கள் பலரும் அறிவர். "இந்தக் கணக்கைக் கால்குலேட்டரில் போடட்டுமா, அப்பா?" என்று பிள்ளை கேட்கும். "கூடாது, மூளை மழுங்கிவிடும்" என்பார் தந்தை. அலுவலகத்தில் அவர் கணிப்பொறியின்றி ஒரு கூட்டலும் செய்வதில்லை என்பது வேறு செய்தி! ஆயினும் அவரது அச்சத்தை வீண் என்று தள்ளுவதற்கில்லை. கருவி மூளையை மழுக்குமா என்பதற்குத் தமிழர் வரலாற்றிலேயே ஒரு சான்று இருக்கிறது.

1825ஆம் ஆண்டில் ஜான் வாரன் என்பார் எழுதிய 'காலசங்கலிதம்' என்னும் ஆங்கில நூல் சென்னையில் அச்சாயிற்று. அவ்வாண்டில் நிகழ்ந்த சந்திர கிரகணமொன்றைப் புதுவையில் பஞ்சாங்கம் கணிக்கும் தமிழர் ஒருவர் தம்மெதிரே கணித்துக் காட்டியதை வாரன் அதில் விவரித்துள்ளார். அக்கணிதர் எழுதிப் பார்க்கவில்லை. தரையில் சோழிகளைப் பரப்பி, சொற்களாகவும் அசைகளாகவும் மனப்பாடம் செய்திருந்த அட்டவணைகளை நினைவிலிருந்தே எடுத்துக் கணித்தார். கிரகணத்தின் தொடக்க நேரம் 4 நிமிடமே பிழைத்தது; முடிவு நேரம் 52 நிமிடம் பிழைத்தது. இம்முறையைப் பின்னர் ஓட்டோ நாய்கபவர் என்னும் வரலாற்றறிஞர் 1952இல் விரிவாக ஆராய்ந்து வெளியிட்டார்.

அக்கணிதரின் நினைவாற்றல் வியக்கத்தக்கது. ஆனால் தாம் கையாண்ட முறையின் அடிப்படைக் கோட்பாடு அவருக்குத் தெரியாது என்றும் வாரன் எழுதுகிறார். சோழியே அவரது கணக்கிடு கருவி. மனப்பாடமே அவரது சூத்திரம். விடை வந்தது, ஏன் வந்தது என்ற வினாவுக்கு அங்கே இடமில்லை. ஆகவே பொத்தானை அழுத்தும் பிள்ளைக்கும், பொருளறியாது சூத்திரத்தை உருப்போடும் பிள்ளைக்கும் நேரும் குறை ஒன்றேயாகும். கருவியைப் பறித்துவிடுவதால் அக்குறை நீங்காது.

கருவியைக் கொண்டே அதனை நீக்க முயலலாம். கடைக்காரர் வைத்திருக்கும் எளிய கருவியில் 2+3×4 என்று அழுத்தினால் 20 என்று காட்டும். பள்ளி மாணவரின் அறிவியல் கருவியோ 14 என்னும். இரண்டில் எது சரி, மற்றது எவ்வாறு அவ்விடைக்கு வந்தது என்று கேளுங்கள். செயல்களின் வரிசைமுறை அன்றே விளங்கிவிடும்.

இனி நியூ டவுனுக்கே உரிய கணக்கொன்று. அங்குள்ள ஈக்கோ பார்க்கின் ஏரி 104 ஏக்கர் பரப்புடையது என்பர். அதன் கரையை ஒருமுறை சுற்றிவர எவ்வளவு தொலைவு நடக்கவேண்டும்? பிள்ளை முதலில் ஊகித்து ஓர் எண்ணைத் தாளில் எழுதட்டும். இது முக்கியம், ஊகமின்றிக் கருவியைத் தொடவிடாதீர்கள். ஏக்கர் ஒன்றுக்கு 4,047 சதுர மீட்டர்; ஆகப் பரப்பு 4,20,888 சதுர மீட்டர். ஏரி சதுரமாயின், வர்க்கமூலம் கண்டு நான்கால் பெருக்கச் சுற்றளவு ஏறத்தாழ 2,595 மீட்டர். நீளம் அகலத்தைப்போல் இருமடங்கான செவ்வகமாயின் 2,752 மீட்டர். வட்டமாயின் ஆரம் 366 மீட்டர். சுற்றளவு 2,300 மீட்டர்.

மூன்று வர்க்கமூலங்களையும் கையால் கண்டால் மாலைப்பொழுது அதிலேயே கழிந்துவிடும். கருவி அவ்வுழைப்பைக் குறைப்பதால், பிள்ளையின் கவனம் விடைகளை ஒப்பிடுவதில் செல்கிறது. பரப்பு மாறாதிருக்கச் சுற்றளவு ஏன் மாறுகிறது? வட்டத்துக்கு ஏன் அது மிகக் குறைவு? உண்மை ஏரியின் கரையோ வளைந்து நெளிந்தது; ஆகவே அது 2,300 மீட்டருக்குக் குறைய இயலாது என்பதைப் பிள்ளை தானே சொல்லும். ஞாயிறன்று நடந்தும் பார்க்கலாம்.

தேர்வைப் பற்றி ஒரு சொல். சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்புக் கணிதத் தேர்வில் இக்கருவிக்கு இடமில்லை. பொறியியல் பட்டதாரிகள் எழுதும் கேட் தேர்விலோ திரையிலேயே ஒரு கருவி வழங்கப்படுகிறது. எனவே வாய்ப்பாடு மனத்தில் இருக்கவேண்டியதே. நம் முன்னோர் திண்ணைப் பள்ளிகளில் மாவும் காணியும் முந்திரியும் ஓதியதுபோல, நாளும் சிறிது நேரம் அதற்கு ஒதுக்குக.

பிள்ளைக்கு ஆர்வம் மிகுந்தால் இராமானுஜன் 1914இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து ஒன்றைக் காட்டுங்கள். 2143ஐ 22ஆல் வகுத்து, வர்க்கமூலப் பொத்தானை இருமுறை அழுத்துக. எளிய கருவியில் 3.1415926 என்று தோன்றும்; பை எனப்படும் எண்ணின் தொடக்க இலக்கங்கள் இவையே. பத்து இலக்கம் காட்டும் கருவியில் கடைசி இலக்கம் மட்டும், 4 வரவேண்டிய இடத்தில் 3 என வேறுபடும். இது எவ்வாறு கிடைத்தது என்று பிள்ளை வினவக்கூடும். கட்டுரையில் தாம் விளக்கிய கோட்பாட்டிலிருந்து இது பிறந்ததன்று, அனுபவமுறையில் கண்டதே என்று இராமானுஜனே அங்குக் குறித்திருக்கிறார்.