எந்த மயக்க மருந்து சிறந்தது?

இக்கேள்வியை ஒரு மயக்க மருந்து நிபுணரிடம் கேட்டால் அவர் ஒரே சொல்லில் பதில் தரமாட்டார். "யாருக்கு? எந்தச் சத்திரசிகிச்சைக்கு?" என்று திருப்பிக் கேட்பார். அவ்விரு கேள்விகளுக்குள் எவ்வளவு விஞ்ஞானம் அடங்கியிருக்கின்றது என்பதை, தோள்மூட்டில் செய்யப்படும் நுண்துளைச் சத்திரசிகிச்சையை உதாரணமாகக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். 'கீ ஹோல்' என்று வைத்தியசாலைகளில் பேசிக்கொள்வது இதனைத்தான்.

இவ்விடயத்தை நான் தேடிப் படிக்கக் காரணமாக இருந்தவர் என் பெரியும்மா. தோளில் தசைநாண் கிழிந்து, கையைத் தூக்கித் தலைவார முடியாமல் இருந்த அவருக்கு இச்சிகிச்சை பரிந்துரைக்கப்பட்டது. வெட்டுக்கு அவர் பயப்படவில்லை. "மயக்கம் தந்தா நான் எழும்புவனா மகள்?" என்பதே அவரது பயம். பிரஷர் குளிசை பாவிப்பதைச் சொன்னால் ஒப்பரேஷனைத் தள்ளிப் போட்டுவிடுவார்கள் என்றெண்ணி, அதை மறைக்கவும் நினைத்திருந்தார்.

தோளின் தனிப் பிரச்சினை

இச்சிகிச்சையில் தோலில் ஒரு சென்ரிமீற்றரை விடவும் சிறிய சில துளைகளே இடப்படுகின்றன. ஒன்றின் வழியே கமெரா செல்லும். ஏனையவற்றின் வழியே கருவிகள் செல்லும். மூட்டினுள் இடம் உண்டாக்குவதற்காக உப்புக் கரைசல் அமுக்கத்துடன் செலுத்தப்படும்.

முழங்காலில் இதைச் செய்யும்போது தொடையில் இறுக்கமான பட்டி கட்டிக் குருதியை நிறுத்தலாம். தோளுக்கு மேலே பட்டி கட்ட இடமில்லை. ஒரு சிறு கலன் கசிந்தாலும், ஒரு கோப்பைத் தண்ணீரில் சிவப்பு மை விழுந்ததுபோல் கமெராவின் பார்வை மங்கிவிடும். எனவே நோயாளியின் குருதியமுக்கம் ஏறாமல், சற்றுத் தாழ்வாகவே இருப்பதைச் சத்திரசிகிச்சை நிபுணர் விரும்புவார்.

ஆனால் இச்சிகிச்சையின்போது நோயாளியைப் பெரும்பாலும் கடற்கரைச் சாய்வுக்கதிரையில் இருப்பதுபோல் நிமிர்த்தி வைப்பார்கள். அப்போது மூளை இதயத்தை விட உயரத்தில் இருக்கும். பௌதிகவியலில் நாம் படிக்கும் hρg என்ற சமன்பாடு இங்கே உயிர் காக்கும் கணக்காகின்றது. உயர வித்தியாசம் 20 சென்ரிமீற்றர் எனக் கொண்டால், மூளையில் அமுக்கம் ஏறத்தாழ 15 மி.மீ. இரசம் குறைவாக இருக்கும். கையில் கட்டிய கருவி 100 எனக் காட்டும்போது மூளைக்குக் கிடைப்பது ஏறத்தாழ 85தான். அமுக்கத்தை அளவுக்கு மீறிக் குறைத்தால் மூளைக்குப் போதிய குருதி செல்லாது.

ஆக, தோளுக்கு அமுக்கம் குறைய வேண்டும். மூளைக்கு அது குறையக்கூடாது. மருந்துத் தெரிவு இவ்விரண்டுக்கும் இடையிலேயே நடக்கின்றது.

ஒரு மருந்தல்ல, ஒரு கூட்டணி

பூரண மயக்கம் என்பது மூன்று வேலைகளின் சேர்க்கையாகும்: தூங்க வைத்தல், வலியுணர்வைத் தடுத்தல், தசைகளைத் தளர்த்தல்.

தூங்க வைப்பதற்கு இன்று அதிகம் பயன்படுவது புரொப்போபோல். சோயா எண்ணெயில் கரைக்கப்பட்டிருப்பதால் பார்வைக்குப் பால்போல் இருக்கும். இதைக் கண்டறிந்த ஜோன் கிளென் விலங்கு வைத்தியராகப் பயின்றவர். அதற்காக 2018இல் லாஸ்கர் விருது பெற்றார். இம்மருந்தால் தூக்கம் விரைவாக வரும், தெளிவும் விரைவாக வரும், வாந்தியும் குறைவு. ஆனால் குருதிக் கலன்களை விரியச் செய்து அமுக்கத்தைக் குறைக்கும். ஆகவே முதியவர்களுக்கு அளவைக் குறைத்து மெதுவாக ஏற்றுவார்கள். கெற்றமின் இதற்கு எதிரானது. அமுக்கத்தையும் இதயத்துடிப்பையும் கூட்டும். குருதியிழந்த விபத்து நோயாளிக்கு அது வரப்பிரசாதம். கசிவே பிரச்சினையாகும் தோளுக்கோ அது முதல் தெரிவல்ல. தூங்கிய பின் அத்தூக்கத்தை நீடிக்கச் செவோபுளூரேன் போன்ற வாயுவைச் சுவாசிக்கக் கொடுக்கலாம். அல்லது புரொப்போபோலையே தொடர்ந்து சிரையினூடாக ஏற்றலாம்.

வலியைத் தடுக்கப் பென்ரனைல், மோர்பின் போன்றவை உள்ளன. தசைகளைத் தளர்த்த ரொகுரோனியம், அற்றகூரியம் போன்றவை உள்ளன. இவற்றுள் அற்றகூரியத்தின் இரசாயனம் வியப்பூட்டுவது. அது உடலின் வெப்பநிலையிலும் pH பெறுமானத்திலும் பெருமளவு தானாகவே உடைந்துவிடும். வெளியேறுவதற்குச் சிறுநீரகத்தை நம்பியிருப்பதில்லை. மோர்பினோ அப்படியல்ல, சிறுநீரகம் பழுதடைந்தவரின் உடலில் அதன் விளைபொருள்கள் தேங்கிச் சுவாசத்தை மந்தமாக்கக்கூடும். வடமத்திய மாகாணத்தில் இத்தனை சிறுநீரக நோயாளிகள் வாழும் எமது நாட்டில் இவ்வேறுபாடு சிறியதன்று.

கழுத்தில் ஓர் ஊசி

தோள் சத்திரசிகிச்சையின் பின் வரும் வலி கடுமையானது. அதனால் கழுத்தின் பக்கத்தில், கைக்குச் செல்லும் நரம்புகளின் அருகே, புப்பிவகெயின் போன்ற விறைப்பு மருந்தை ஊசி மூலம் செலுத்துவதுண்டு. பல மணி நேரம் வலி தெரியாது. மோர்பின் போன்ற மருந்துகளின் தேவையும் குறையும். ஆனால் பிரிமென்றகட்டை இயக்கும் நரம்பும் அருகிலேயே ஓடுகின்றது. வழமையான அளவில் மருந்து கொடுத்தால் அந்தப் பக்கப் பிரிமென்றகடு தற்காலிகமாகச் செயலிழப்பது சாதாரணம். நல்ல நுரையீரல் உள்ளவர் அதைத் தாங்கிக்கொள்வார். கடுமையான நுரையீரல் நோயுள்ளவருக்கு வேறு நரம்பைத் தெரிவு செய்ய வேண்டும்.

ஏன் இத்தனை கேள்விகள்?

மேலே கூறிய ஒவ்வொரு தெரிவும் நோயாளி தரும் தகவலிலேயே தங்கியுள்ளது. "பஸ்ஸில் போனால் சத்தி வருமா?" என்று கேட்பது வேடிக்கைக்கன்று. பெண்ணாக இருத்தல், புகைக்காதிருத்தல், பயணத்தில் வாந்தி வருதல், பின்னர் மோர்பின் வகை மருந்து தேவைப்படுதல் ஆகிய நான்கும் சேர்ந்தால், தடுப்பு மருந்தின்றிப் பத்தில் எட்டுப் பேர் வரை குமட்டலாலோ வாந்தியாலோ அவதியுறுவர். "வாயைத் திறங்கள்" என்பதும் காரணத்தோடுதான். நீண்டகாலம் வெற்றிலை பாக்குப் போடுபவர்களில் சிலரின் வாய் முழுதாகத் திறக்காது. சுவாசக் குழாய் வைப்பது கடினமாகும். குடும்பத்தில் எவருக்காவது மயக்கத்தின்போது கடும் காய்ச்சல் கண்டதா என்று கேட்பார்கள். பரம்பரையாக வரும் ஒரு நிலையில் செவோபுளூரேன் போன்ற வாயுக்கள் உயிருக்கே ஆபத்தாகலாம்.

வெறும் வயிற்றோடு வரச் சொல்வதைப் பலர் நோன்பு போல எண்ணிவிடுகின்றனர். வயிற்றிலுள்ளது மேலெழுந்து நுரையீரலுக்குள் போகாதிருக்கவே இந்த ஏற்பாடு. பொதுவாக உணவுக்கு 6 மணித்தியாலம். வெறும் தண்ணீருக்கு 2 மணித்தியாலம். பிளேன்ரீ தண்ணீரோடு சேரும். பால் தேநீர் உணவோடு சேரும். தேவையின்றி நெடுநேரம் தாகத்தோடு இருந்தால் அமுக்கம் மேலும் விழலாம்.

பெரியும்மா மறைக்க நினைத்த குளிசை லொசார்ட்டன். அவ்வகை மருந்து உடலில் இருக்கும்போது மயக்கமும் நிமிர்ந்த நிலையும் சேர்ந்தால் அமுக்கம் சடுதியாக விழக்கூடும். நான் இதை விளக்கிய பின் அவரே கிளினிக்கில் சொன்னார். ஒப்பரேஷன் தள்ளிப் போகவில்லை. அக்குளிசையை முதல் நாளிலிருந்து நிறுத்துமாறும், மற்றொரு குளிசையை அன்று காலையிலும் ஒரு மிடறு தண்ணீரோடு குடிக்குமாறும் வைத்தியர் கூறினார். எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்பதை அவரே தீர்மானிக்க வேண்டும், நாம் அல்ல.

சகோதரிகளே! எமது வீடுகளில் பெரியவர்களோடு கிளினிக்குக்குச் சென்று, சிங்களத்தில் கேட்கப்படுவதைத் தமிழில் சொல்லி, ஆங்கிலத்தில் எழுதிய துண்டை வாசித்துக் காட்டுபவர்கள் பெரும்பாலும் நாமே. எனவே குளிசைகளின் பெயரும் அளவும், நாட்டு மருந்தும், ஒவ்வாமையும், முன்னைய சத்திரசிகிச்சைகளும் ஒரு தாளில் எழுதப்பட்டு எமது கையில் இருக்கட்டும். சிறந்த மயக்க மருந்து எது என்பதை நிபுணர் தெரிவு செய்வார். அத்தெரிவுக்குத் தேவையான உண்மையை அவரிடம் சேர்ப்பது எமது பங்காகும்.

– உயர்தரம், உயிரியல் பிரிவு மாணவி