கெட்டிக்காரக் குழந்தைக்கு எந்தப் பள்ளிக்கூடம்?

"உங்களுக்கென்ன, கொடுத்து வைத்தவர்! கணக்கு உங்க பொண்ணுக்குத் தண்ணி பட்ட பாடு!" என்று அக்கம்பக்கத்தார் சொன்னால் பூரித்துப் போவேன். ஆனால், ஐந்தாம் வகுப்பு முடியும் சமயம் என் மகள் ஒரு சங்கதி சொன்னாள்.

"கணக்கு முடிஞ்சாலும் நோட்டை மூட மாட்டேம்மா. எழுதற மாதிரியே இருப்பேன். சீக்கிரம் முடிச்சா, அதையே பத்து தடவை எழுதச் சொல்றாங்க."

எனக்குப் பகீரென்றது. பத்து வயதிலேயே கெட்டிக்காரத்தனத்தை ஒளிக்கக் கற்றுக்கொண்டு விட்டாளே!

ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளி தேடினோம். "ஒரு வகுப்பைத் தாண்டி ஏழாவதிலே போட்டுடலாமே" என்றார் என் கணவர். "பாடம் வரும். பெரிய பொண்ணுங்க இவளை விளையாட்டிலே சேர்த்துக்கணுமே?" என்றார் மாமியார். நியாயந்தானே?

முதலில் பேர் பெற்ற ஒரு பள்ளிக்குப் போனோம். பஸ்ஸில் போக ஒரு மணி, வர ஒரு மணி. சேர்க்கைக்கே பரீட்சை என்றார்கள். எட்டாம் வகுப்பு வரை அப்படித் தேர்வு வைத்துப் பொறுக்குவதை 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது. நூலக அலமாரியில் பூட்டு தொங்கியது. "ஒன்பதாவதுக்கு மேலேதான் புத்தகம் தருவோம்" என்றார்கள்.

அடுத்து, வீட்டிலிருந்து நடந்தே போகக்கூடிய அரசுப் பள்ளி. கணக்கு டீச்சரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: "சீக்கிரம் முடிக்கிற குழந்தையை என்ன செய்வீங்க?"

அவர் சிரித்தபடி ஒரு காகித முக்கோணத்தை என் மகளிடம் கொடுத்தார். "மூணு மூலையையும் கிழிச்சு, முனையெல்லாம் ஒரே இடத்திலே சேர்ற மாதிரி பக்கத்துப் பக்கத்திலே வை." வைத்தாள். நேர்கோடு வந்தது! 180 டிகிரி.

"நாலு மூலை இருந்தா, டீச்சர்?"

"நீயே கண்டுபிடிச்சிட்டு வந்து எனக்குச் சொல்லேன்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் வாய் ஓயவில்லை. அங்கேயே சேர்த்தோம்.

குறையில்லாமல் இல்லை. வகுப்பில் கூட்டம் அதிகம். ஆங்கிலம் பேச வீட்டில் நான்தான் பழக்குகிறேன். ஆனால் அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு தரும் தமிழ்நாட்டுச் சட்டம் 2020-ல் வந்திருக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்தே கணக்கு என்பதைத் தாய்மார்கள் நினைவில் வைக்க வேண்டும்.

பள்ளி தேடும் சகோதரிகளே, கட்டடத்தையும் சுவரில் தொங்கும் ராங்க் பட்டியலையும் பார்த்து மயங்காதீர்கள். புத்தகம் குழந்தையின் கைக்கு வருகிறதா? விளையாட்டு நேரத்தைப் பாடம் விழுங்குகிறதா? பயணத்திலேயே குழந்தை களைத்துவிடுமா? முக்கியமாக, கேள்வி கேட்டால் டீச்சர் முகம் மலர்கிறதா, சுளிக்கிறதா? குழந்தையையும் கூடவே அழைத்துப் போய்ப் பாருங்கள்.

நாலு மூலைக்கு விடையா? அவள் மறுநாளே சொல்லிவிட்டாள்: 360. இப்போதெல்லாம் கணக்கு முடிந்ததும் நோட்டை மூடிவிட்டுக் கையைத் தூக்குகிறாளாம்!