எந்த நிறப் பேனாவை எடுப்பீர்கள்?

சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் காத்திருந்த பயணிகளிடம் ஒரு சிறு வினாத்தாள் நீட்டப்பட்டது. நிரப்பிக் கொடுத்தால் ஒரு பேனா இலவசம். பையிலிருந்து ஐந்து பேனாக்களை எடுத்துக் காட்டி, பிடித்ததை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். எல்லாம் ஒரே வகை. நிறம் மட்டும் ஆரஞ்சு அல்லது பச்சை. ஐந்து என்பதால் ஏதோ ஒரு நிறம் எப்போதும் குறைவாகவே இருக்கும். வினாத்தாள் வெறும் சாக்கு. கை எந்தப் பேனாவுக்குப் போகிறது என்பதுதான் சோதனை.

உளவியலாளர்கள் ஹீஜங் கிம், ஹேசல் மார்க்கஸ் இருவரும் 1999இல் இதன் முடிவை வெளியிட்டார்கள். ஐரோப்பிய வழிவந்த அமெரிக்கர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர், குறைவாக இருந்த நிறத்தை எடுத்தார்கள். சீன, கொரியப் பயணிகளில் மூன்றில் ஒரு பங்கினர்கூட அதை எடுக்கவில்லை. காசு செலவில்லை, இரண்டும் ஒரே மாதிரிதான் எழுதும். ஒரு நொடியில் முடிந்துபோகும் தேர்வு. அதற்குள்ளும் ஒருவர் வளர்ந்த சமூகம் புகுந்து வேலை செய்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

அதே ஆய்வில் அமெரிக்க, கொரியப் பத்திரிகை விளம்பரங்களையும் ஒப்பிட்டார்கள். அமெரிக்க விளம்பரங்கள் தனித்து நிற்கச் சொல்லி விற்றன. கொரிய விளம்பரங்கள் மரபையும் ஊரோடு ஒத்துப்போவதையும் சொல்லி விற்றன.

இதைப் படித்ததும், ஆசியர்கள் கூட்டத்தோடு போகிறவர்கள், மேற்கத்தியர்கள் தனிவழி நடப்பவர்கள் என்று கோடு கிழிக்கத் தோன்றும். சந்தை ஆலோசகர்கள் பலர் அப்படித்தான் கிழிக்கிறார்கள். அது தவறு. 2007இல் அமெரிக்காவுக்குள்ளேயே ஓர் ஆய்வு நடந்தது. நீங்கள் வாங்கிய அதே காரை உங்கள் நண்பரும் வாங்கினால் எப்படி இருக்கும் என்று கேட்டார்கள். எம்பிஏ மாணவர்களில் பலருக்கு அது எரிச்சல். தீயணைப்பு வீரர்களில் பலருக்கோ மகிழ்ச்சி. ஒரே நாடு, ஒரே மொழி; ஆனால் வளர்ந்த வர்க்கம் வேறு. தீபாவளிக்கு ஒரே துணியில் அண்ணன் தம்பி எல்லோருக்கும் சட்டை தைத்துப் போட்ட நம் வீடுகளுக்கு அந்தத் தீயணைப்பு வீரர்களின் மகிழ்ச்சியை விளக்க வேண்டியதில்லை.

பேனா கதையில் இன்னொரு திருப்பமும் உண்டு. ஜப்பானிய ஆய்வாளர் தோஷியோ யாமகிஷியும் அவரது குழுவினரும் 2008இல் இதே கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்டார்கள். உங்களுக்குப் பின் எடுக்க யாருமில்லை, நீங்கள்தான் கடைசி ஆள் என்றால் எதை எடுப்பீர்கள்? கடையில் காசு கொடுத்து வாங்குவதாக இருந்தால்? இப்படிச் சூழலைத் தெளிவாகச் சொன்னதும், சொல்லாதபோது ஜப்பானியருக்கும் அமெரிக்கருக்கும் இடையே இருந்த வேறுபாடு மறைந்துபோனது. ஆக, ஜப்பானியருக்கு அரிய நிறம் பிடிக்காமல் இல்லை. ஒன்றே ஒன்று இருப்பதை எடுத்தால் மற்றவர் என்ன நினைப்பாரோ என்ற எச்சரிக்கைதான் கையை வேறு பக்கம் திருப்பியது. நிலைமை தெளிவாகத் தெரியாதபோது எது பாதுகாப்பான நடத்தை என்று சமூகம் நமக்குப் பழக்கித் தருகிறது. ரசனை அதற்கு அடியில் வேறாக இருக்கலாம்.

கடை வைத்திருப்பவர்களுக்கு இது முக்கியம். நாலு பேர் முன்னிலையில் ஒருவர் எடுக்கும் புடவையும், தனியாகக் கைபேசியில் தேர்ந்தெடுக்கும் புடவையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. இரண்டில் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு வாடிக்கையாளரின் விருப்பம் இதுதான் என்று முடிவுகட்டுவது அவசரம்.

நம் கல்லூரிகளின் உளவியல், வணிகவியல் மாணவர்கள் இந்தச் சோதனையை மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் செய்து பார்க்க வேண்டும். பெரிய நிதி எதுவும் தேவையில்லை. இரண்டு நிறத்தில் கொஞ்சம் பேனாக்கள் போதும்.