கோணேசபுரி வளாகத்துக்கு முடிவெடுப்பவர்கள் யார்?

திருகோணமலை லிங்கநகர்ப் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகம் தூரமில்லை. நிலாவெளி வீதியில் பஸ் ஏறினால் கோணேசபுரி வளாகத்தில் இறங்கிவிடலாம். ஆனால் அந்த வளாகத்தில் புதிய பட்டப்படிப்பு தொடங்குவதா, விரிவுரையாளர் வெற்றிடத்தை நிரப்புவதா, கட்டடம் எழுப்புவதா என்ற கேள்விகளுக்கான பதில் கோணேசபுரியில் கிடைக்காது. நூறு கிலோமீற்றருக்கும் அப்பால், மட்டக்களப்பு மாவட்டத்தின் வந்தாறுமூலையில் இருக்கிறது அந்த வளாகம் சேர்ந்த கிழக்குப் பல்கலைக்கழகத்தின் தலைமை. அங்கிருந்தும் பல கோப்புகள் கொழும்புக்குப் போகவேண்டும்.

மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியாக 1981 இல் தொடங்கிய நிறுவனம் 1986 இல் கிழக்குப் பல்கலைக்கழகமானது. திருகோணமலையில் 1993 இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கியது 2001 இல் வளாகமாக உயர்ந்தது. வணிகம், தொடர்பாடல், பிரயோக விஞ்ஞானம், சித்த மருத்துவம் எல்லாம் இங்கே படிப்பிக்கப்படுகின்றன. என்றாலும் சட்டத்தின் பார்வையில் இது தனிப் பல்கலைக்கழகம் அல்ல, இன்னொன்றின் உறுப்பு.

நாட்டின் பெரும்பாலான அரச பல்கலைக்கழகங்களை ஆளும் சட்டம் 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டம். அதன்படி பல்கலைக்கழகத்துக்குள் இரண்டு பெரிய சபைகள் உண்டு. பாடத்திட்டம், பரீட்சை, பட்டம் ஆகியவை மூதவையின் பொறுப்பு. பீடாதிபதிகளும் பேராசிரியர்களும் துறைத்தலைவர்களும் அமர்வது அங்கேதான். பணம், நியமனம், ஒழுக்காற்று, சொத்து ஆகியவை பேரவையின் கையில். ஆளும் சபை என்றால் அது பேரவைதான்.

அந்தப் பேரவையில் யார் இருக்கிறார்கள் என்பதை ஒவ்வொரு பெற்றோரும் அறிந்திருக்கவேண்டும். உபவேந்தர், வளாக முதல்வர், பீடாதிபதிகள், மூதவை தெரிவுசெய்யும் இருவர் ஆகியோர் உள்ளிருந்து வருபவர்கள். மற்றவர்களைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வெளியிலிருந்து நியமிக்கிறது. உள்ளிருப்பவர்களின் தொகையை விட வெளியாரின் தொகை ஒன்று கூடுதலாக இருக்கவேண்டும். கல்வி, தொழில், வர்த்தகம், நிர்வாகம் போன்ற துறைகளில் சிறந்த சேவையாற்றியவர்களே அந்த இடங்களுக்கு உரியவர்கள். பேராசிரியர்கள் தமக்குள் பேசி எல்லாவற்றையும் முடித்துவிடாதபடி சமூகத்தின் கண் அங்கே இருக்கவேண்டும் என்பதே இதன் நியாயம். நல்ல நியாயம்தான். ஆனால் ஆணைக்குழுவின் உறுப்பினர்களை நியமிப்பவர் ஜனாதிபதி. ஆகவே ஆட்சி மாறும்போது பேரவையின் பெரும்பான்மையும் மாறக்கூடிய வழி திறந்தே கிடக்கிறது.

உபவேந்தர் தெரிவிலும் இதே பேரவைதான் முதற்படி. விண்ணப்பித்தவர்களில் மூவரைப் பேரவை பரிந்துரைக்கிறது. பெயர்கள் ஆணைக்குழு வழியாக ஜனாதிபதியிடம் போகின்றன. மூவரில் ஒருவரை அவர் மூன்று ஆண்டுகளுக்கு நியமிக்கிறார். பேரவை முதலாமிடம் கொடுத்தவரே நியமிக்கப்படவேண்டும் என்ற கட்டாயமில்லை.

ஒரு கோப்பின் பயணத்தைப் பார்த்தால் வளாகத்தின் நிலை விளங்கும். துறைமுகப் பட்டினமான திருகோணமலையில் கப்பற்றுறை சார்ந்த ஒரு பட்டப்படிப்பு வேண்டுமென்று ஒரு துறை விரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். துறைக் கூட்டத்தில் முன்மொழிவு எழுதப்படும். பீடச் சபை அதைத் திருத்தும். அங்கிருந்து வந்தாறுமூலை மூதவைக்கு, பிறகு பேரவைக்கு, பிறகு கொழும்பில் ஆணைக்குழுவுக்கு. படிப்புக்கு அனுமதி கிடைத்தாலும் படிப்பிக்க ஆள் வேண்டும். நிரந்தரப் பதவிகளுக்குத் திறைசேரியின் கீழுள்ள முகாமைத்துவச் சேவைகள் திணைக்களத்தின் சம்மதம் தேவை. இத்தனை படிகளிலும் திருகோணமலைக்காகப் பேச உரிமையுள்ளவர்கள் வளாக முதல்வரும் வளாகப் பீடாதிபதிகளும் துறைத்தலைவர்களும் சில பேராசிரியர்களும்தான். கிண்ணியாப் பாலமும் மற்றப் பாலங்களும் திறக்கப்படும் வரை மட்டக்களப்புக்கான கரையோரப் பாதையில் படகுப்பாதைகளைக் கடந்து அல்லது ஹபரணை சுற்றித்தான் போகவேண்டியிருந்தது. பாதை இப்போது நன்றாகிவிட்டது. கோப்பின் படிகளில் ஒன்றுகூடக் குறையவில்லை.

உபவேந்தர் கதிரையின் கனத்தைக் கிழக்கு அறிந்த விதம் கொடியது. 2006 இல் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கலைப் பீடாதிபதி கடத்தப்பட்டார். உபவேந்தர் பேராசிரியர் சி. ரவீந்திரநாத் பதவி விலகவேண்டும் என்பதே கடத்தியவர்களின் கோரிக்கை. அவர் விலகல் கடிதம் கொடுத்தார். ஆணைக்குழு அதை ஏற்காமல் கொழும்பிலிருந்து கடமையாற்றச் சொன்னது. அந்த ஆண்டு டிசம்பர் 15 ஆம் திகதி கொழும்பில் ஒரு மாநாட்டுக்குப் போனவர் வீடு திரும்பவில்லை. அவருக்கு என்ன நடந்தது என்பதற்கு நெடுங்காலம் எவரும் பொறுப்புச் சொல்லவில்லை. பல்கலைக்கழகத் தன்னாட்சி பற்றிப் பேசும் எந்தக் கூட்டமும் அவர் பெயரைச் சொல்லாமல் கலையக்கூடாது.

சட்டத்தின் வழியாகவும் கதிரை பறிபோகும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உபவேந்தர் பேராசிரியர் இ. விக்னேஸ்வரன் 2019 இல் பதவிக்காலம் முடியுமுன்பே ஜனாதிபதியால் நீக்கப்பட்டார். அதன்பின் ஓராண்டுக்கு மேலாக, உபவேந்தருக்குப் பதிலாக நியமிக்கப்பட்ட தகுதிவாய்ந்த அதிகாரி ஒருவரே பல்கலைக்கழகத்தை நடத்தினார். தமிழ்நாட்டிலும் இழுபறிதான்: உபவேந்தரை நியமிப்பது ஆளுநரா மாநில அரசா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 2023 ஆகஸ்டில் பதவிக்காலம் முடிந்த உபவேந்தரின் இடம் நெடுங்காலம் வெறுமையாகவே கிடந்தது.

வளாகம் ஒன்று தனித்து நிற்க முடியும் என்பதற்கு முன்னுதாரணம் உண்டு: யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக இருந்த வவுனியா, 2021 ஆகஸ்ட் 1 முதல் தனிப் பல்கலைக்கழகம். தனக்கென்று பேரவை, மூதவை, உபவேந்தர் எல்லாம் அதற்கு இப்போது உண்டு. திருகோணமலைக்கும் அதுவே வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. தமிழருக்கான பல்கலைக்கழகம் யாழ்ப்பாணத்திலா திருகோணமலையிலா அமையவேண்டும் என்ற வாதம் 1960களிலேயே நடந்த ஊர் இது. ஆனால் பெயர்ப்பலகை மாறினால் மட்டும் போதாது. கட்சிக்காரருக்கு நன்றிக்கடனாகப் பேரவை இடங்கள் கொடுக்கப்படுமானால், கோணேசபுரியில் கூடும் பேரவையும் வேறு எங்கோ எடுத்த முடிவுக்குக் கையொப்பமிடும் சபையாகத்தான் இருக்கும்.

அதற்கு முன் செய்யக்கூடிய வேலை ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. கிழக்குப் பல்கலைக்கழகப் பேரவையின் வெளி உறுப்பினர்களில் திருகோணமலை மாவட்டத்தவர் யார், அவர்கள் எதற்காகத் தெரிவானார்கள் என்பதை ஊரார் கேட்டறியவேண்டும். 2016 இல் நிறைவேறிய தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. பேரவைத் தீர்மானங்களைக் கேட்டு விண்ணப்பிக்க எந்தப் பிரஜைக்கும் உரிமை உண்டு. லிங்கநகரின் பழைய மாணவர்களும் பெற்றோரும் அடுத்த நியமனம் வருமுன் அந்த விண்ணப்பத்தை எழுதி அனுப்புங்கள்.