பொலிட்டிகல் சயின்ஸ் படிக்கிறீங்களா? எலெக்டிவ் விஷயத்தில் ‘ஈஸி பேப்பர்’ கணக்கு எங்கே இடிக்கிறது?

பி.ஏ. அரசியல் அறிவியலில் சீட் கிடைத்துவிட்டது. கட்டணமும் கட்டியாச்சு. அடுத்த சில நாட்களில் டிபார்ட்மென்ட்டில் இருந்து ஒரு படிவம் வரும்: ‘உங்கள் விருப்பப் பாடத்தைத் தேர்வு செய்க’. நிரப்பிக் கொடுக்க இரண்டு நாள் கிடைத்தால் பெரிய விஷயம்.

திருவொற்றியூர், எண்ணூர், தண்டையார்பேட்டை பக்கம் இருந்து கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளில் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் நிறைய பேர். வீட்டில் கேட்டால், “உனக்கு எது சரின்னு படுதோ எடுத்துக்கோம்மா” என்பதுதான் பதிலாக இருக்கும். சீனியரைக் கேட்டால், “அந்த மேடம் மார்க் நல்லா போடுவாங்க” என்பார். இந்த இரண்டு பதில்களை வைத்துக்கொண்டு டிக் அடித்துவிட்டு, மூன்றாம் ஆண்டில் போட்டித் தேர்வுக்கு உட்காரும்போதுதான் பலருக்கு விஷயம் புரிகிறது.

முதலில், எது எந்தப் பகுதி?

தமிழ்நாட்டுக் கலைக் கல்லூரிகளில் மூன்றாண்டுப் பட்டத்துக்குப் பொதுவாக 140 கிரெடிட். அது ஐந்து பகுதிகளாகப் பிரியும்.

பகுதி 1: தமிழ் அல்லது வேறொரு மொழி. பகுதி 2: ஆங்கிலம். பகுதி 3: முதன்மைப் பாடம், கூடவே ‘அலைடு’ எனப்படும் சார்புப் பாடங்கள். பகுதி 4: சுற்றுச்சூழல் கல்வி, திறன் படிப்புகள், பிற துறை விருப்பப் பாடம். பகுதி 5: என்.எஸ்.எஸ்., என்.சி.சி., விளையாட்டு போன்றவை.

இதில் மாணவர் கையில் உண்மையிலேயே இருக்கும் தேர்வுகள் கொஞ்சம்தான். முக்கியமானது பகுதி 4-ல் வரும் ‘நான் மேஜர் எலெக்டிவ்’. அதாவது, வேறு துறை நடத்தும் பாடத்தில் போய் உட்கார்வது. சென்னைப் பல்கலைக்கழக முறைப்படி, தமிழே படிக்காமல் வந்தவருக்கு அடிப்படைத் தமிழ்; பள்ளியில் தமிழ் படித்துவிட்டு கல்லூரியில் வேறு மொழி எடுத்தவருக்கு சிறப்புத் தமிழ்; மற்றவர்களுக்கு இந்த விருப்பப் பாடம், இரண்டு தாள்.

சின்னத் தாள்தானே என்று விட்டுவிடவும் முடியாது. இதில் அரியர் விழுந்தாலும் டிகிரி நிற்கும்.

இதெல்லாம் ஏன் படிக்கணும்?

‘அரசியல் படிக்க வந்தவனுக்கு வேறு டிபார்ட்மென்ட் பேப்பர் எதுக்கு?’ இந்தக் கேள்விக்கு வயசு அதிகம். சுதந்திரம் வந்த கையோடு அமைக்கப்பட்ட பல்கலைக்கழகக் கல்விக் குழு (1948-49), பட்டப் படிப்பில் பொதுக் கல்வியும் இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஒரே துறைக்குள் முடங்கிய பட்டதாரி குடியரசுக்குப் போதாது என்பது அதன் வாதம்.

அந்தக் குழுவின் தலைவர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். அவர் தத்துவம் படித்த கதையும் சுவாரசியமானது. அப்போது ஜார்ஜ் டவுனில் இருந்த சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் சேர்ந்தபோது வீட்டில் பண நெருக்கடி. அங்கேயே படித்து முடித்த உறவினர் ஒருவர் தன் தத்துவப் புத்தகங்களைக் கொடுத்ததால், அதுவே அவர் பாடமானது. சீனியரின் நோட்ஸ் கிடைக்கிறது என்பதற்காகப் பாடம் எடுப்பது இன்றைக்கு வந்த பழக்கமில்லை.

யுஜிசி 2022 டிசம்பரில் வெளியிட்ட பாடத்திட்டக் கட்டமைப்பும் இதையே வேறு பெயரில் சொல்கிறது. மூன்றாண்டுக்கு 120 கிரெடிட். அதில் 9 கிரெடிட் பல்துறைப் பாடங்களுக்கு. பிளஸ் டூவில் ஏற்கெனவே படித்ததை இந்தப் பிரிவில் திரும்ப எடுக்கக் கூடாது என்று அதில் ஒரு நிபந்தனையும் உண்டு. தேசியக் கல்விக் கொள்கையைத் தமிழ்நாடு அரசு எதிர்ப்பதால், இங்குள்ள கல்லூரிகளுக்கு அந்தக் கட்டமைப்பு அப்படியே பொருந்தாது. ஆனால் நிபந்தனைக்குப் பின்னால் இருக்கும் லாஜிக் எல்லோருக்கும் பொருந்தும்: தெரிந்ததையே இன்னொரு தடவை எடுப்பதில் லாபம் கம்மி.

போட்டித் தேர்வில் எங்கே இடிக்கும்?

அரசியல் அறிவியல் எடுக்கும் பலரின் இலக்கு டிஎன்பிஎஸ்சி அல்லது யுபிஎஸ்சி. அங்கே முதன்மைப் பாடம் நன்றாகவே கைகொடுக்கும். யுபிஎஸ்சி மெயின் தேர்வில் அரசியல் அறிவியலை விருப்பப் பாடமாக எடுத்தால் இரண்டு தாளுக்கும் சேர்த்து 500 மதிப்பெண்.

சிக்கல் வேறு இடத்தில். யுபிஎஸ்சி முதல்நிலைத் தேர்வின் இரண்டாம் தாளில் கணக்கும் தர்க்கமும் இருக்கும். 200-க்கு 33 சதவீதம் எடுக்காவிட்டால், முதல் தாளில் எவ்வளவு எடுத்தாலும் வெளியேதான். டிஎன்பிஎஸ்சி குரூப் 4-ல் மொத்தம் 200 கேள்விகள்: தமிழ் 100, பொது அறிவு 75, திறனறிவு 25. அரசியலமைப்புக் கேள்விகள் அந்தப் பொது அறிவின் ஒரு பங்குதான்.

தமிழ்ப் பகுதியில் 40 சதவீதம் கட்டாயம். எடுக்காவிட்டால் அடுத்த பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். ‘ஸ்கோரிங் லாங்குவேஜ்’ என்று பகுதி 1-ல் வேறு மொழிக்குத் தாவுபவர்கள் இதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

பத்தாம் வகுப்போடு கணக்குக்கு முழுக்குப் போட்டவருக்கு, கல்லூரியில் அடிப்படைப் புள்ளியியலோ திறனறிவுக் கணிதமோ எலெக்டிவாகக் கிடைத்தால் அது நல்ல வாய்ப்பு. கோச்சிங் சென்டரில் காசு கட்டிப் படிப்பதை, கிரெடிட்டோடு வகுப்பிலேயே படித்துவிடலாம்.

எண்ணூர் சொல்லும் பாடம்

தேர்வை விடுங்கள். சொந்த ஊரில் நடப்பதைப் புரிந்துகொள்ளவே ஒரு துறை போதாது.

2023 டிசம்பர் 26 இரவு, எண்ணூர் பெரியகுப்பம் பகுதியில் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயில் இருந்து அம்மோனியா கசிந்தது. மக்கள் நள்ளிரவில் வீட்டை விட்டு ஓடினார்கள். ஆலை வாசலில் ஒரு கன மீட்டர் காற்றில் 2,090 மைக்ரோகிராம் அம்மோனியா இருந்ததாகத் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தெரிவித்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 400. கடல் நீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருக்க வேண்டிய இடத்தில் 49. தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாக முன்வந்து வழக்கை எடுத்தது.

இங்கே அரசியல் அறிவியல் மாணவருக்குத் தீர்ப்பாயம் தெரியும், வாரியத்தின் அதிகாரம் தெரியும். ஆனால் அந்த 400 என்பது 24 மணி நேரச் சராசரிக்கான வரம்பு. 2,090 என்பது குறிப்பிட்ட நேரத்தில் எடுத்த அளவு. இரண்டையும் பக்கத்தில் வைத்து ‘ஐந்து மடங்கு’ என்று சொல்லிவிட்டால், எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் முதலில் பிடிப்பார். சராசரி என்றால் என்ன, ஒற்றை அளவீடு என்றால் என்ன என்று தெரிந்தவர்தான் ஊருக்காகச் சரியான கேள்வி கேட்க முடியும்.

பலரும் கடமைக்குப் படிக்கும் சுற்றுச்சூழல் கல்வித் தாளே இப்படி ஒரு வழக்கில் பிறந்ததுதான். எம்.சி.மேத்தா தொடர்ந்த பொதுநல வழக்கில் 1991-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2003-ல் மறுபடியும் அழுத்திச் சொன்ன பிறகுதான் கல்லூரிகளில் கட்டாயப் பாடமானது. பொலிட்டிகல் சயின்ஸ் வகுப்பில் ‘பொதுநல வழக்கு’ என்று படிப்பதன் பலன், அடுத்த பீரியடில் பாடமாக வந்து நிற்கிறது.

அப்போ ஈஸி பேப்பர் எடுப்பது தப்பா?

தப்பில்லை. மாலையில் கடை வேலைக்குப் போகிறவர், ஏற்கெனவே இரண்டு அரியர் வைத்திருப்பவர் எல்லோருக்கும் சுமையைக் குறைக்கும் தேர்வு நியாயமானதுதான். அதற்காக இரண்டு தாளையும் அப்படியே கரைத்துவிட வேண்டியதில்லை. ஒன்று சுலபமாக இருக்கட்டும். இன்னொன்று தானாகப் படித்தால் பிடிபடாத விஷயமாக இருக்கட்டும். நாவலோ வரலாறோ லைப்ரரியில் எடுத்துப் படித்துவிடலாம். புள்ளியியல், பொருளாதாரம், கணக்குப் பதிவியல் போன்றவற்றுக்குப் பலகையில் போட்டுக் காட்ட ஓர் ஆசிரியர் தேவை.

சட்டம் படிக்கும் எண்ணம் இருந்தால் வணிகச் சட்டம், பத்திரிகைத் துறை என்றால் தமிழ்த் துறையோ இதழியல் துறையோ நடத்தும் எழுத்துப் பயிற்சி, மாநகராட்சி அரசியலில் ஆர்வம் என்றால் பொருளாதாரம். 2011-ல் திருவொற்றியூர் நகராட்சி சென்னை மாநகராட்சியோடு இணைந்து முதல் மண்டலமானது. அந்த மண்டலத்துக்கு வரும் பணம் எங்கே போகிறது என்று பார்க்க பட்ஜெட் படிக்கத் தெரிய வேண்டும்.

படிவத்தை நிரப்பும் முன் கேட்க வேண்டியவை

* இந்தத் தாளின் சிலபஸ் எங்கே? பெயரைப் பார்த்து எடுக்க வேண்டாம். ஐந்து யூனிட்டையும் படித்துப் பாருங்கள்.
* தேர்வைத் தமிழில் எழுதலாமா?
* எத்தனை சீட்? நிரம்பிவிட்டால் எந்தத் தாளுக்கு மாற்றுவார்கள்?
* எத்தனை நாளுக்குள் மாற்றிக்கொள்ளலாம்?
* ‘நான் முதல்வன்’ திட்டத்தில் ஏற்கெனவே வரும் திறன் படிப்பும் இதுவும் ஒன்றா?
* வேண்டிய பாடம் கல்லூரியில் இல்லையென்றால் ‘ஸ்வயம்’ தளத்தில் படித்து கிரெடிட் வாங்கலாமா? 2021 யுஜிசி விதி, ஒரு செமஸ்டரின் பாடங்களில் 40 சதவீதம் வரை இப்படி அனுமதிக்கிறது. ஆனால் படிப்பில் சேரும் முன்பே கல்லூரியின் ஒப்புதலை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

இந்தக் கேள்விகளுக்குத் துறைத் தலைவர் பதில் சொல்வார். தயங்காமல் ஸ்டாஃப் ரூம் கதவைத் தட்டிக் கேளுங்கள், கடைசி நாள் மதியம் வரை காத்திருக்க வேண்டாம்.